மெயில் சர்வர் நிர்வாகம்: வெப் பேனலா, கட்டளை வரியா?

#1 பொருநைக்கரை, பாளையங்கோட்டை

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் கணினிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்களுக்கென்று சொந்த மெயில் சர்வர் இருக்கிறது. டெபியன் லினக்ஸின் மேல், மெயிலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸும், அதைப் பெட்டியிலிருந்து பயனருக்குக் கொடுக்கும் டவ்காட்டும் ஓடுகின்றன. ஆசிரியர்கள், அலுவலர்கள், மாணவர்கள் என்று ஏறத்தாழ 900 கணக்குகள். 16 ஆண்டுகளாக இதைக் கட்டிக் காத்துவரும் அண்ணாச்சி வருகிற மே மாதம் ஓய்வு பெறுகிறார். அவர் எல்லாவற்றையும் கறுப்புத் திரையில் கட்டளைகளாகத் தட்டியே செய்து பழகியவர். புதுக் கணக்குத் திறப்பதும், மறந்துபோன கடவுச்சொல்லை மாற்றுவதும், கியூவில் (அனுப்பக் காத்திருக்கும் வரிசையில்) தேங்கிய மெயிலைத் தள்ளிவிடுவதும் அவர் கையால்தான் நடக்கும்.

"இந்த ஒருவருக்கு மட்டும்தான் தெரியும் என்ற நிலை இனி வேண்டாம், யார் வந்தாலும் பிரவுசரைத் திறந்து பார்த்துக்கொள்ளும்படி ஒரு பேனலைப் போட்டுவிடுங்கள்" என்று நிர்வாகம் சொல்கிறது. அண்ணாச்சியோ, "பேனலைப் போடு தம்பி, ஆனால் பேனலை நம்பிக் கட்டளையை மறந்துவிடாதே" என்கிறார். இரண்டிலும் நியாயம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. ஜூன் மாதம் சேர்க்கை முடிந்ததும் ஒரே வாரத்தில் 300 கணக்குகளுக்கு மேல் திறக்க வேண்டியிருக்கும். உண்மையில் மெயில் சர்வரை நடத்திய அனுபவமுள்ளவர்கள் தங்கள் கையால் பட்டதை எழுதினால் எனக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

#2 சாரல், தென்காசி

வணக்கம் தம்பி. தென்காசி, கடையநல்லூர், செங்கோட்டை வட்டாரத்தில் சில பள்ளிகளுக்குச் சேர்த்து ஒரு மெயில் சர்வரை 9 ஆண்டுகளாக நான் பார்த்துவருகிறேன். முதல் 3 ஆண்டுகள் முழுக்கக் கட்டளை வரியில்தான் ஓட்டினேன். அந்த 3 ஆண்டுகளில் இரவு பத்து மணிக்கு மேல் எனக்கு வந்த அழைப்புகளில் பெரும்பாலானவை, "டீச்சருக்கு பாஸ்வேர்டு மறந்துபோச்சு" என்ற ஒன்றுக்காகவே வந்தன. பேனல் போட்ட பிறகு அந்தந்தப் பள்ளி அலுவலக உதவியாளரே அதைச் செய்துவிடுகிறார். அவருக்கு லினக்ஸ் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஒரு வேலையை அதற்குரியவரிடமே ஒப்படைக்க முடிவதைத்தான் பேனலின் பெரிய நன்மையாக நான் கருதுகிறேன்.

கட்டளை வரியின் ஆபத்தை நானே அனுபவித்திருக்கிறேன். ஒரு கணக்கின் கடவுச்சொல் திருடு போய், அதன் வழியாக ஆயிரக்கணக்கான குப்பை மெயில்கள் கியூவில் குவிந்துவிட்டன. அந்த ஒரு கணக்கின் மெயில்களை மட்டும் பிரித்தெடுத்து நீக்கியிருக்க வேண்டும். பதற்றத்தில், கியூவிலிருந்து மெயிலை நீக்கும் போஸ்ட்சூப்பர் கட்டளையுடன் ‘ஆல்’ (எல்லாம்) என்று தட்டி என்டரை அழுத்திவிட்டேன். குப்பையோடு சேர்த்து, மறுமுனை சர்வர் பிஸியாக இருந்ததால் காத்துக்கொண்டிருந்த பள்ளி மெயில்களும் போய்விட்டன. ‘ஆல்’ என்ற சொல்லைப் பெரிய எழுத்தில் தட்டினால்தான் அந்தக் கட்டளை ஏற்கும் என்பது அதை எழுதியவர்கள் வைத்த பாதுகாப்பு. அதையும் கவனமாகப் பெரிய எழுத்தில்தான் தட்டினேன். கியூவிலிருந்து நீக்கியதைத் திரும்பப் பெற வழியில்லை. மறுநாள் ஒவ்வொரு பள்ளிக்கும் போன் செய்து, நேற்று மாலை அனுப்பியதை மறுபடி அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டேன். பேனலாக இருந்திருந்தால் எத்தனை மெயில், யார் அனுப்பியது என்று முன்னால் காட்டி, "நிச்சயமாக நீக்கவா?" என்று ஒருமுறை கேட்டிருக்கும்.

இன்னொன்று, டிகேஐஎம் சாவி, அதாவது மெயில் நம்மிடமிருந்துதான் வந்தது என்று காட்டும் மின்கையெழுத்துக்கான சாவி. 2048 பிட் சாவியை, இணையப் பெயர்களின் பொதுப் பதிவேடான டிஎன்எஸ்ஸில் போடும்போது அது ஒரு துண்டுக்கு உரிய 255 எழுத்து வரம்பைத் தாண்டிவிடும், ஆகவே துண்டாக உடைத்துப் போட வேண்டும். கையால் உடைத்து ஒரு மேற்கோள் குறியைத் தவறவிட்டால் கையெழுத்துச் சரிபார்ப்பு தோற்றுப்போகும். நல்ல பேனல்கள் பல அதை உடைத்தே கொடுத்துவிடுகின்றன. நாளொன்றுக்கு 5,000 மெயிலுக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புவோருக்கு 2024 பிப்ரவரியிலிருந்து எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று அனுப்புநர் சரிபார்ப்புகளும் கட்டாயம் என்று கூகுள் ஆக்கிய பிறகு, இந்தச் சின்ன வசதியின் மதிப்பு கூடியிருக்கிறது.

#3 குறுக்குத்துறை, திருநெல்வேலி

சாரல் அம்மா சொன்னதை மறுப்பதற்கில்லை. ஆனாலும் 2023 டிசம்பரில் நடந்ததை எழுதாமல் இந்த விவாதத்தைக் கடந்துபோக என்னால் முடியாது.

தூத்துக்குடியில் கப்பல் சரக்கு முகவர் அலுவலகம் ஒன்றின் மெயில் அமைப்பை நான் பராமரித்துவந்தேன். வெளியிலிருந்து வரும் மெயில்களை முதலில் வாங்கும் சர்வர் மும்பையில் வாடகைக்கு எடுத்தது. அது மெயிலைச் சோதித்து, தூத்துக்குடி அலுவலகத்தின் உள் சர்வருக்கு அனுப்பும். டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பகுதியில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை புரண்டு ஓடியது. அலுவலகத்தின் தரைத்தளத்தில் தண்ணீர், மின்சாரம் இல்லை, ஃபைபர் இணைப்பும் இல்லை. நான் இங்கே திருநெல்வேலியில் உறவினர் வீட்டு மொட்டை மாடியில், ஒற்றைக் கோடு சிக்னல் வருகிற ஒரு மூலையைத் தேடிப் பிடித்து நின்றுகொண்டிருந்தேன்.

செய்ய வேண்டியவை இரண்டு. சரக்கு ஆவணங்கள் வந்து சேரும் முகவரியைக் கொச்சிக் கிளைக்குத் திருப்பிவிட வேண்டும், இல்லையென்றால் கப்பலில் காத்திருக்கும் சரக்கு அப்படியே நிற்கும். அதைவிட முக்கியமானது, மும்பை சர்வரின் கியூவில் தேங்கிக்கொண்டிருந்த மற்ற மெயில்களைக் காப்பாற்றுவது. போஸ்ட்ஃபிக்ஸ் ஒரு மெயிலை இயல்பாக 5 நாள்தான் கியூவில் வைத்திருக்கும். அதற்குள் சேர்க்க முடியாவிட்டால், சேர்க்க முடியவில்லை என்று அனுப்பியவருக்கே திருப்பிவிடும். அலுவலகத்துக்கு மின்சாரம் எப்போது வரும் என்று சொல்ல அங்கே ஆளில்லை.

முதலில் பேனலைத்தான் திறக்கப் பார்த்தேன். உள்நுழையும் பக்கம் பாதி வந்து வெள்ளையாக நின்றது. மூன்று முறை முயன்றும் கடவுச்சொல் கட்டம்கூட வரவில்லை. பிறகு செல்போனிலிருந்து, தொலைவிலுள்ள சர்வரில் கட்டளை தட்ட உதவும் எஸ்எஸ்எச் வழியாக இணைந்தேன். ஓர் எழுத்தைத் தட்டினால் அது திரையில் தோன்ற இரண்டு, மூன்று விநாடிகள் பிடித்தன, ஆனால் தோன்றியது. மாற்றுமுகவரிக் கோப்பில் ஒரே ஒரு வரி, அதன்பின் அதைப் போஸ்ட்ஃபிக்ஸ் படிக்கும் வடிவாக்கும் போஸ்ட்மேப் கட்டளை. கியூ ஆயுளை 5 நாளிலிருந்து 12 நாளாக்க, அமைப்பை மாற்றும் ஒரு போஸ்ட்கான்ஃப் கட்டளை, பிறகு அது நடைமுறைக்கு வர ஒரு ரீலோட். ஏற்கெனவே கியூவில் இருந்த மெயில்களுக்கும் புதிய ஆயுள் பொருந்தும் என்பது எனக்குத் தெரிந்திருந்ததால் நிம்மதியாக இறங்கி வந்தேன். அலுவலகத்துக்கு இணைப்பு வந்தது ஏழாம் நாள். கியூவைத் தள்ளிவிட்டதும், தேங்கியிருந்ததெல்லாம் வந்து சேர்ந்தது. 5 நாள் என்றே விட்டிருந்தால், ஐந்தாம் நாளிலிருந்து அந்த வாடிக்கையாளர்களுக்கெல்லாம் மெயில்கள் திரும்பிப்போயிருக்கும்.

சர்வர்கள் மெயிலைக் கைமாற்றும் முறையான எஸ்எம்டிபி என்பதே 1982 முதல் வரி வரியாக எழுத்தில் நடக்கிற உரையாடல்தான். ஒரு சர்வர் வணக்கம் சொல்கிறது, மற்றது பதில் எண் சொல்கிறது. அந்த உரையாடல் ஓடுகிற எந்த மெல்லிய கம்பியிலும் அதை நிர்வகிக்கும் கட்டளையும் ஓடும்.

#4 சாரல், தென்காசி

அண்ணாச்சி, அந்த நாள்களில் நீங்கள் செய்தது பெரிய காரியம். ஆனால் அதைச் செய்ய உங்களால் முடிந்ததற்குக் காரணம், அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, கட்டளை என்ன, ஆயுள் எத்தனை நாள் என்பதெல்லாம் உங்கள் மனத்தில் இருந்ததுதான். உங்கள் இடத்தில் அன்று வேறொருவர் இருந்திருந்தால் எஸ்எஸ்எச் கிடைத்தும் பயன் இருந்திருக்காது. பொருநைக்கரை தம்பியின் நிர்வாகம் கேட்பதும் அதைத்தானே: அந்த ஒருவர் இல்லாத நாளில் என்ன செய்வது?

#5 குறுக்குத்துறை, திருநெல்வேலி

உண்மைதான் அம்மா. அதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. இப்போது அங்கே இன்னொருவருக்கும் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

#6 உப்பளம், தூத்துக்குடி

நான் லினக்ஸ் ஆள் இல்லை, மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வரான எக்ஸ்சேஞ்சில் பல ஆண்டுகள் வேலை செய்தவன். இந்தச் சண்டையை எங்கள் பக்கத்தில் 2007ஆம் ஆண்டுப் பதிப்பே ஒருவகையில் தீர்த்துவைத்தது. அந்தப் பதிப்பிலிருந்து நிர்வாகச் சாளரம், மைக்ரோசாஃப்டின் கட்டளை வரியான பவர்ஷெல்லின் மேல் கட்டப்பட்டது. நாம் சுட்டியால் எதைச் சொடுக்கினாலும் அடியில் ஓடுவது ஒரு கட்டளைதான். புதுக் கணக்கு திறக்கும் வழிகாட்டியின் கடைசிப் பக்கத்தில் அந்தக் கட்டளையையே அப்போது காட்டியது. அதை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டி ஒட்டித்தான் நான் பவர்ஷெல்லைக் கற்றேன். ஒரு கணக்குக்குச் சொடுக்கினேன். அதே வரியை எக்ஸெல் பட்டியலோடு சேர்த்து 400 பேருக்கு ஓட்டினேன். ஆகவே பேனல் வாங்குவதென்றால், "நீ செய்வதை எனக்குக் கட்டளையாகவும் காட்டுவாயா?" என்று அதைக் கேட்டுப் பார்த்து வாங்குங்கள். காட்டாத பேனல் நம்மை அதன் அளவிலேயே நிறுத்திவிடும்.

எச்சரிக்கை ஒன்றும் சொல்ல வேண்டும். இணையத்துக்குத் திறந்துவைத்த பேனல், வீட்டுக்கு இன்னொரு வாசல். 2021 மார்ச் தொடக்கத்தில் எக்ஸ்சேஞ்சின் நான்கு ஓட்டைகளுக்கு மைக்ரோசாஃப்ட் அவசரத் திருத்தம் வெளியிட்டது. வெப் இணைப்புக்கான வாசலான 443 போர்ட்டை வெளியே திறந்து வைத்திருந்தவர்கள்தான் அந்த வாரம் தூக்கமில்லாமல் இருந்தோம். லினக்ஸ் பக்கமும் விலக்கில்லை: பரவலாகப் பயன்படும் வெப்மின் என்ற பேனலின் சில பதிப்புகளில் யாரோ திட்டமிட்டே நுழைத்த பின்கதவு 2019 ஆகஸ்டில் வெளியே தெரிந்து, 1.930 பதிப்பில் நீக்கப்பட்டது. நியாயமாகச் சொல்வதென்றால், அதே 2019 ஜூனில் எக்ஸிம் என்ற மெயில் மென்பொருளிலேயே கடுமையான ஓட்டை வெளியானது, அதற்கும் பேனலுக்கும் சம்பந்தமில்லை. ஆயினும் வெளி மெயில் வந்துசேரும் 25ஆம் போர்ட்டை மூடிவைக்க முடியாது, பேனலின் போர்ட்டை மூடிவைக்க முடியும். கல்லூரி வளாகத்துக்குள் இருந்தோ, விபிஎன் வழியாகவோ மட்டும் அது திறக்கும்படி வையுங்கள்.

#7 கூந்தன்குளம், நாங்குநேரி

இதுவரை எழுதியவர்கள் பேனலையும் கட்டளை வரியையும் எதிரெதிராக வைத்துப் பேசுகிறார்கள். என் அனுபவத்தில், இரண்டில் எதைத் தேர்ந்தாலும் சர்வர் ஓடும். இரண்டையும் ஒரே கோப்பின் மேல் விட்டால்தான் வீடு இரண்டுபடும். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத விரும்புகிறேன், ஏனென்றால் இதற்கு நான் ஒரு சனி, ஞாயிறைப் பறிகொடுத்திருக்கிறேன்.

ஒரு நிறுவனத்தின் மெயில் சர்வரில் பேனல் ஏற்கெனவே இருந்தது. அவர்களுடைய வள்ளியூர்க் கிளைக்குப் போகும் மெயில்கள் வழக்கமான வழியில் போகாமல் தனி சர்வர் ஒன்றுக்குப் போக வேண்டும். பேனலில் அதற்கு இடமில்லாததால், போஸ்ட்ஃபிக்ஸின் முதன்மைக் கோப்பில் ஒரு வரியை நானே கையால் எழுதிச் சேர்த்தேன். எட்டு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, மெயிலின் அளவு வரம்பை 10 எம்பியிலிருந்து உயர்த்தச் சொல்லி மேலாளர் கேட்க, அங்கிருந்த இளைஞர் பேனலில் 25 என்று தட்டிச் ‘சேமி’யை அழுத்தினார். அவர் செய்ததில் பிழையே இல்லை. ஆனால் அந்தப் பேனல், சேமிக்கும்போது மாறிய வரியை மட்டும் திருத்துவதில்லை. தன்னிடமுள்ள வார்ப்பிலிருந்து முழுக் கோப்பையும் புதிதாக எழுதுகிறது. என் ஒற்றை வரி அதில் இல்லை, ஆகவே போய்விட்டது. வள்ளியூர் மெயில்களெல்லாம் பழைய வழியில் போய், அங்கே ‘550, அப்படி ஒரு பயனர் இல்லை’ என்ற பதிலோடு திரும்பத் தொடங்கின.

அளவு வரம்பை மாற்றிய பிறகுதான் சிக்கல் வந்தது என்பதால் நாங்கள் அளவையே தோண்டிக்கொண்டிருந்தோம். இணைப்புக் கோப்பு மெயிலில் போவதற்காக பேஸ்64 என்ற எழுத்து வடிவாக மாறும்போது மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும், ஆகவே 25 எம்பி வரம்பில் 18 எம்பி கோப்புதான் போகும் என்பது போன்ற உண்மையான ஆனால் சம்பந்தமில்லாத விஷயங்களையெல்லாம் சரிபார்த்தோம். ஞாயிறு மதியம், பழைய காப்பிலிருந்து கோப்பை எடுத்து, இரண்டு கோப்புகளின் வேறுபாட்டைக் காட்டும் டிஃப் போட்டுப் பார்த்தபோதுதான் கழித்தல் குறியோடு என் வரி தனியாக நின்றது. எட்டு மாதத்துக்கு முன் நானே எழுதிய வரி; ஆனால் அதை நான் எங்கும் குறித்துவைக்கவில்லை. அந்த இளைஞருக்கு அப்படி ஒரு வரி இருந்ததே தெரியாது.

பெரும்பாலான பேனல்கள் இப்படித்தான் நடக்கும், இது குறையன்று, அவற்றின் இயல்பு. ஜிம்ப்ரா என்ற மெயில் தொகுப்பில் போஸ்ட்ஃபிக்ஸ் கோப்பை நேரடியாகத் திருத்தினால் அதன் உள் நிரல் அதைத் திரும்ப எழுதிவிடும், ஆகவே ஜிம்ப்ராவின் சொந்தக் கட்டளைகளால்தான் மாற்ற வேண்டும். சிபேனல் என்ற பேனல் எக்ஸிமின் கோப்பைத் தானே உருவாக்குகிறது. உங்கள் சேர்க்கைகளுக்கென்று தனிக் கோப்பு ஒன்றை அது ஒதுக்கியிருக்கிறது. மெயில்கவ் என்ற தொகுப்பில் அதற்கு ‘எக்ஸ்ட்ரா’ என்ற பெயரிலேயே ஒரு கோப்பு உண்டு. ஆக, பேனல் போடுகிற அன்றே, எது அதன் கை படும் கோப்பு, எது நம் கை படும் கோப்பு என்று வாய்க்காலுக்கு வரப்புக் கட்டுவதுபோலப் பிரித்துவிட வேண்டும். அத்துடன் அமைப்புக் கோப்புகள் உள்ள முழு அடைவையும், ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியில் வைத்துவிடுங்கள். டெபியனில் எட்ஸிகீப்பர் என்ற சிறிய கருவி இதைத் தானாகச் செய்யும். பேனல் மாற்றினாலும், மனிதன் மாற்றினாலும், எந்த நாளில் எந்த வரி போனது என்பது அதில் இருக்கும். அந்த ஞாயிறு மதியம் டிஃப் சொன்னதை, அது இருந்திருந்தால் வெள்ளி மாலையே பார்த்திருப்பேன்.

#8 மேலப்பாளையம் மாணவன்

ஐயா, நான் இப்போதுதான் இந்த வேலைக்கு வந்திருக்கிறேன். பேனல் மட்டுமே தெரியும். பேனலில் பச்சையாக ‘அனுப்பப்பட்டது’ என்று வந்த பிறகும், "மெயில் வரவில்லை" என்று சொல்கிறார்கள். அப்போது எங்கே பார்ப்பது?

#9 குறுக்குத்துறை, திருநெல்வேலி

தம்பி, நல்ல கேள்வி. சர்வர் தான் செய்வதையெல்லாம் எழுதிவைக்கும் லாகைப் படிக்கக் கற்றுக்கொள். இது கட்டளை வரியின் முதல் பாடம் மட்டுமில்லை, நீ பேனலிலேயே காலம் கழித்தாலும் இது வேண்டும்.

போஸ்ட்ஃபிக்ஸ் வாங்குகிற ஒவ்வொரு மெயிலுக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு கியூ அடையாளம் கொடுக்கிறது. அனுப்பியவர் முகவரியை வைத்து லாகில் க்ரெப் என்ற தேடும் கட்டளையைப் போட்டு அந்த அடையாளத்தைப் பிடி. பிறகு அந்த அடையாளத்தையே வைத்து மறுபடி க்ரெப் செய். அந்த ஒரு மெயிலின் பயணம் முழுவதும் நான்கைந்து வரிகளில் வந்து நிற்கும். எந்தக் கணினியிலிருந்து, எந்தப் பயனர் பெயரில் வந்தது என்பது முதல் வரியில்; அனுப்பியவர், அளவு, எத்தனை பேருக்கு என்பது நடுவில்; எந்த சர்வருக்குக் கொடுக்கப்பட்டது, அது என்ன பதில் சொன்னது என்பது பின்னால். பதில் எண் 2இல் தொடங்கினால் மறுமுனை வாங்கிக்கொண்டது. 4இல் தொடங்கினால் இப்போது முடியாது, பிறகு வா என்கிறது. 5இல் தொடங்கினால் வராதே என்கிறது. 250 என்ற பதிலோடு பெரும்பாலும் மறுமுனை சர்வர் தன்னுடைய கியூ அடையாளத்தையும் சேர்த்துச் சொல்லும். "உங்கள் சர்வர் காலை 10.42க்கு இந்த அடையாளத்தில் வாங்கியிருக்கிறது" என்று அந்த வரியை அப்படியே மறுமுனை நிர்வாகிக்கு அனுப்பு. அவர் தன் பக்கத்து லாகில் தேடி, ஸ்பேம் பெட்டிக்குப் போனதா என்று இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார். பச்சை நிறம் உனக்குத் தருவது அந்த 250ஐ மட்டும்; அதன் பின்னால் உள்ள அடையாளத்தைத் தருவதில்லை.

அதே வரியில் ‘டிலேஸ்’ என்று சாய்கோடு இட்டு நான்கு எண்கள் இருக்கும். மெயில் வந்ததிலிருந்து கடைசியாக அனுப்பும் வரிசையில் நுழையும்வரை ஆன நேரம் முதலாவது. அந்த வரிசையில் காத்திருந்தது இரண்டாவது. டிஎன்எஸ் கேட்டு மறுமுனையோடு இணைய ஆனது மூன்றாவது. மெயிலைக் கொடுக்க ஆனது நான்காவது. ஒருமுறை ஓர் அலுவலகத்தில் "எல்லா மெயிலும் மெதுவாகப் போகிறது" என்ற புகார். பேனலில் எல்லாமே பச்சை, சிபியூ வரைபடம் சமதளம். லாகில் பார்த்தால் ஒவ்வொரு மெயிலிலும் மூன்றாவது எண் மட்டும் 10 விநாடிக்கு மேல். முதல் டிஎன்எஸ் சர்வர் செத்துப்போய், ஒவ்வொரு கேள்விக்கும் 5 விநாடி காத்திருந்துதான் இரண்டாவதைக் கேட்டுக்கொண்டிருந்தது. செத்த முகவரியை நீக்கினேன், அந்த எண் அரை விநாடிக்குக் கீழே வந்தது. அந்த நான்கு எண்களைப் பார்க்கிற பழக்கம் எனக்கு 1998ல் வெளிவந்த போஸ்ட்ஃபிக்ஸை நெடுங்காலம் கழித்துக் கையில் எடுத்த முதல் வாரத்திலேயே ஒரு பெரியவர் சொல்லிக்கொடுத்தது.

#10 மேலப்பாளையம் மாணவன்

மிக்க நன்றி ஐயா. இன்றே ஒரு மெயிலைப் பிடித்து, முழுப் பயணத்தையும் எழுதிப் பார்க்கிறேன்.

#11 சாரல், தென்காசி

லாகைப் பற்றி அண்ணாச்சி எழுதியதில் ஒரு சொல்லையும் மாற்ற மாட்டேன். பேனலின் பக்கம் நிற்கிற நானும் லாகைக் கட்டளை வரியில்தான் பார்க்கிறேன். ஆனால் தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. எங்கள் பள்ளிகளில் மெயில்களின் தலைப்பு தமிழில்தான் வருகிறது. கியூவில் இருக்கும் மெயிலைப் போஸ்ட்கேட் கட்டளையால் திறந்தால், ‘ஆண்டு விழா அழைப்பு’ என்ற தலைப்பு குறியேறிய நீண்ட எழுத்துக்கோவையாகத்தான் தெரியும். அதைப் பிரித்துக் காட்டினாலும், ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம் என்ற கணக்கில் வரைகிற டெர்மினல் (கட்டளைத் திரை) பலவற்றில் ‘கொ’ என்ற எழுத்தின் கொம்பும் காலும் தனித்தனியாக விலகி நிற்கும். பெறுநரின் பெயரைத் தமிழில் பார்த்து உறுதிசெய்ய வேண்டிய வேலைகளுக்கு, இன்றைக்கும் பிரவுசர்தான் எனக்குக் கைகொடுக்கிறது.

இது சின்ன விஷயம் என்று சிலர் சொல்வதுண்டு. எஸ்எம்டிபியில் முகவரியையே தமிழில் எழுத வழிசெய்யும் தரம் 2012ல் வந்துவிட்டது, போஸ்ட்ஃபிக்ஸ் 2015ல் 3.0 பதிப்பிலிருந்து அதை ஏற்கிறது. சர்வர் தமிழைத் தாங்குகிறது. அதை நிர்வகிக்கிற திரை தடுமாறுகிறது. இதை நான் மனக்குறையாகவே சொல்கிறேன்.

#12 பொருநைக்கரை, பாளையங்கோட்டை

எல்லோருக்கும் நன்றி. கூந்தன்குளம் அண்ணாச்சி சொன்ன வரப்பைப் பற்றி மேலும் ஒரு சந்தேகம். எங்கள் கணக்குகள் இப்போது லினக்ஸ் பயனர்களாகவே இருக்கின்றன. அலுவலக உதவியாளர் கணக்குத் திறக்க வேண்டும், ஆனால் அவர் கை போஸ்ட்ஃபிக்ஸின் எந்தக் கோப்பிலும் படக் கூடாது. அப்படி ஒரு வழி உண்டா?

#13 கூந்தன்குளம், நாங்குநேரி

உண்டு. கணக்குகளை லினக்ஸ் பயனர்களாக வைக்காமல் மரியாடிபி என்ற தரவுத்தளத்தில் ஓர் அட்டவணையாக வையுங்கள். போஸ்ட்ஃபிக்ஸ், ‘இந்த முகவரி உண்டா?’ என்று அந்த அட்டவணையைக் கேட்கும். டவ்காட், ‘இந்தக் கடவுச்சொல் சரியா?’ என்று அதையே கேட்கும். இந்த இணைப்பை ஒருமுறை கட்டளை வரியில் எழுதி, கிட்டில் வைத்துவிட்டால் போதும். அதன்மேல் போஸ்ட்ஃபிக்ஸ்அட்மின் போன்ற ஒரு பேனலைப் போடுங்கள். பெயர் அப்படி இருந்தாலும் அது போஸ்ட்ஃபிக்ஸின் அமைப்புக் கோப்புகளைத் தொடுவதில்லை, அட்டவணையின் வரிசைகளை மட்டும் எழுதுகிறது. 300 கணக்கை ஒன்றாகத் திறக்க வேண்டுமானால், நீங்கள் அதே அட்டவணையில் ஸ்கிரிப்டால் எழுதலாம், உதவியாளருக்குப் பேனலில் அவை தெரியும். இங்கே இரண்டு கைகளும் ஓரிடத்தில் படுகின்றன என்றாலும் ஒன்றின் எழுத்தை மற்றொன்று அழிக்காது, ஏனென்றால் யாரும் முழு அட்டவணையையும் திரும்ப எழுதுவதில்லை.

#14 சாரல், தென்காசி

அதில் டொமைன் நிர்வாகி என்று ஒரு நிலை இருக்கிறது தம்பி. மாணவர்களுக்குத் தனி டொமைன் (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) வைத்து, உதவியாளரை அதற்கு மட்டும் நிர்வாகியாக்குங்கள். முதல்வரின் கணக்கு அவர் பார்வைக்கே வராது. யார் எந்தக் கணக்கை எப்போது மாற்றினார்கள் என்ற பதிவும் பேனலிலேயே இருக்கும். கடவுச்சொல்லை மாற்றவில்லை என்று ஒருவர் சாதிக்கிற நாளில் அது உதவும்.

#15 உப்பளம், தூத்துக்குடி

மாற்றுகிற அன்று பழைய அஞ்சல் பெட்டிகளின் காப்பு இரண்டு இடத்தில் இருக்கட்டும். ஒன்று அந்த அறைக்கு வெளியே.

#16 பொருநைக்கரை, பாளையங்கோட்டை

ஜூலை மாதத்தில் இதை எழுதுகிறேன், தாமதத்துக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் மாதத்தில் நான்கு சனிக்கிழமைகள் அண்ணாச்சியும் நானும் உட்கார்ந்து, கணக்குகளை மரியாடிபிக்கு மாற்றி, பேனலைப் போட்டோம். பேனல் வளாகத்துக்குள் மட்டும் திறக்கும். அமைப்புக் கோப்புகள் கிட்டில் இருக்கின்றன. முதல் பதிவை அண்ணாச்சியே தட்டினார். கோடு போட்ட நோட்டில் 43 கட்டளைகளை, ஒவ்வொன்றும் எப்போது தேவைப்படும், தட்டுமுன் எதைப் பார்க்க வேண்டும் என்ற குறிப்போடு தமிழில் எழுதித் தந்திருக்கிறார். போஸ்ட்சூப்பருக்கு நேரே, "முதலில் எண்ணிப் பார், பிறகு நீக்கு" என்று சிவப்பு மையில் இருக்கிறது. சாரல் அக்கா எழுதியதை அவருக்குப் படித்துக்காட்டிய பிறகு சேர்த்த குறிப்பு அது.

ஜூனில் 318 மாணவர் கணக்குகளை ஸ்கிரிப்டில் ஏற்றினேன். அதன்பின் வந்த கடவுச்சொல் வேலைகள் அனைத்தையும் அலுவலகத்தில் இருக்கும் அக்காவே பேனலில் பார்த்துக்கொள்கிறார்கள், என்னிடம் ஒன்றுகூட வரவில்லை. போன வாரம், தேர்வு முடிவு மெயில் ஒரு மாணவிக்கு வரவில்லை என்று அவர்கள் வந்து சொன்னபோது, பேனலில் கணக்கு சரியாகவே இருந்தது. கியூ அடையாளத்தைப் பிடித்து லாகில் பார்த்தால், அந்த மாணவி போட்டிருந்த மறுஅனுப்பல் முகவரியின் சர்வர், பெட்டி நிரம்பிவிட்டது என்று 452 பதில் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த வரியை அக்காவிடம் காட்டினேன். "இதை நானே பார்க்க எதைத் தட்ட வேண்டும்?" என்று கேட்டார்கள். அண்ணாச்சியின் நோட்டில் 7ஆம் கட்டளை. மாணவியின் பெட்டி காலியான அன்று மாலையே மெயில் போய்ச் சேர்ந்துவிட்டது.